இளைப்பாறிய ஆசிரியரும் புதிய ஆசிரியரும்

(வருடாந்த விழாவில் ஆற்றிய உரை)



பாலர் வகுப்பைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: அங்கே நான் நன்றாக அழுதிருக்கிறேன். ஆதலால் என் தமக்கையார் அங்கே ஆசிரியையாகிய கதையையே சொல்லுகிறேன்.

அவர் தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயின்றவர். 1985 ஆம் ஆண்டு தொடங்கிய அக்கல்லூரிகளில் இரண்டாண்டு படிப்பு. மூன்றாமாண்டு பாடசாலையிலே பயிற்சி. உளவியல் கற்றார், பாடக்குறிப்பு எழுதப் பழகினார். ஆயினும் நியமனம் பெற்ற முதல் மாதமே வீட்டில் வந்து கண்ணீர் விட்டார். அகரம் முதலாக எழுத்துக்களை ஒப்புவிக்கும் பிள்ளைகள் ஒரு சொல்லையேனும் வாசிக்கவில்லை.

எங்கள் அயலில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அதிபரின் அனுமதியுடன் கிழமைக்கு ஒரு நாள் வகுப்பின் பின்னால் வந்து அமர்ந்தார். மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. நான்காம் கிழமை, பிள்ளைகள் போனபின், "பிள்ளை, அகரம் வளைவு கூடின எழுத்து, பிஞ்சு விரலுக்குக் கஷ்டம். ட, ப இரண்டும் நேர்கோடு. அவற்றோடு ம வையும் சேர்த்து மணலிலே எழுதப் பண்ணும். புள்ளியையும் காட்டிவிட்டால் 'படம்', 'பட்டம்' எல்லாம் வாசிப்பினம்" என்றார். பட்டம் ஏற்றும் ஊர்ப் பிள்ளைகள் அச்சொல்லை விடுவார்களா! கல்லூரியிலும் இது சொல்லப்பட்டதுதானாம். முப்பது முகங்களுக்கு முன்னே மறந்துபோயிற்று.

கொப்பியில் எழுதாத ஒரு பையனைச் சோம்பேறி என்று அக்கா எண்ணியிருந்தார். அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதைக் கண்டவரும் பின்னாலிருந்த அவரே.

ஆசிரிய ஆலோசகர்கள் இல்லையா என்பீர்கள். உண்டு, பல பாடசாலைகளுக்கும் செல்பவர் ஒரு வகுப்பில் எத்தனை நாள் இருத்தல் கூடும்? அன்றியும், உத்தியோகத்தர் வந்தால் புதியவர் தம் குறையை மறைப்பார். இளைப்பாறியவர் அறிக்கை எழுதுவதில்லை. அவரிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லலாம்.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். "எங்கள் காலத்தில்" என்று தொடங்கிப் பிரம்பில் முடிப்போரை இதற்கு அழைக்க முடியாது. 1999 இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் வகுப்பினுள்ளே கொண்டுவந்தது. அதற்கு முன்னரே இளைப்பாறிய நம் அயலவர், அவற்றை அக்காவிடம் கேட்டே அறிந்தார். ஒரு நாள் பிள்ளைகளோடு வட்டத்தில் நின்று பாட்டுக்குக் கைதட்டினாராம்.

நம் சங்கத்திலும் இளைப்பாறிய ஆசிரியர் பலர் இருக்கின்றனர். இவ்வாண்டு நியமனம் பெற்றோரும் இருக்கின்றனர். இருவரும் இன்று ஒரே பந்தியில் அமரப் போகின்றனர். உணவு முடிந்ததும் எழுந்து போய்விடாமல் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அயலவர் அடுத்த தவணையும் வருவாராம். அக்கா ஒரு நல்ல கதிரை தேடுகிறார்.