துவக்கு தானாக வெடிப்பதில்லை



நான் தொழிலால் ஒரு கணக்காளர். துவக்கைப் பற்றிப் பேச இவருக்கு என்ன இருக்கிறது என்று சிலர் யோசிக்கக்கூடும். குட்மேய்ஸ், இல்போர்ட், ஈஸ்ட்ஹாம் பக்கங்களிலிருந்து எம்மவர்கள் பலர் வருடாவருடம் வரிக்கணக்குக் காட்டுவதற்காக என்னிடம் வருகிறார்கள். அவர்களில் கணிசமானோருக்கு வன்னியில் காணி இருக்கிறது. காணியை யார் பார்க்கிறார், என்ன விதைத்தார், நீங்கள் எவ்வளவு அனுப்பினீர்கள், திரும்ப எவ்வளவு வந்தது என்று கேட்பது என் வேலை. எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். ஆனால் "இரவில் பன்றி வந்தால் காணியைப் பார்க்கிறவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டால் அநேகமாக ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குக் கட்டுத்துவக்கு என்றால் என்னவென்று தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உள்ளூரில் இரும்புக் குழாயில் செய்யப்படும் துவக்கு அது. உரிமம் கிடையாது. வெடிமருந்தும் ஈயமும் இரும்புத் துண்டுகளும் அடைத்து, பன்றி வரும் தடத்தில் தடியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ போகும். அதிலே எது தட்டுப்பட்டாலும் வெடிக்கும். பன்றிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் அந்தக் கம்பிக்குத் தெரியாது.

பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால், வளர்ந்த ஆளுக்கு வெடி முழங்காலை ஒட்டிய இடத்தில் படுகிறது. எலும்பு நொறுங்கும். காயத்துக்குள் மண்ணும் துருவும் போய்விடும். காட்டோரத்திலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். பலருக்குக் கால் போகிறது, சிலருக்கு உயிரே போகிறது. சின்னப் பிள்ளை என்றால் அதே வெடி வயிற்றிலோ நெஞ்சிலோதான் படும். மாடு தேடிப் போனவர், விறகு பொறுக்கப் போனவர், தேன் எடுக்கப் போனவர், விடிய முன் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர் என்று அகப்பட்டவர்கள் எல்லோரும் ஏழைகள். இரவில் கட்டியதைக் காலையில் அவிழ்க்க மறந்து, கட்டியவரே காலை இழந்த சம்பவங்களும் உண்டு. வடக்கு கிழக்கில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அநுராதபுரம், பொலன்னறுவைச் சிங்களக் கிராமங்களிலும் இதே கதைதான். யானைகளும் இந்த வெடியில் கால் புண்ணாகி நடக்க முடியாமல் கிடந்து சாகின்றன.

விவசாயியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. கச்சானோ மரவள்ளியோ வைத்தவருக்கு ஒரு பன்றிக் கூட்டம் ஒரு இரவு வந்து போனால் அந்தப் போகமே முடிந்தது. கடன் வாங்கி விதைத்திருப்பார். இரவிரவாகக் காவல் கொட்டிலில் விழித்திருந்து, பகலில் தோட்ட வேலையும் செய்ய எத்தனை நாளைக்கு ஒரு ஆளால் முடியும்? நித்திரை கொள்ளாமல் காவல் நிற்கும் ஆளைப்போலத்தான் அவர் அந்தத் துவக்கைப் பார்க்கிறார். அவரைக் கொலைகாரர் என்று இங்கே வீட்டுக்குள் சூடாக இருந்துகொண்டு நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காவலாளிக்குக் கண் இல்லை.

இப்படியான செய்திகள் பத்திரிகையில் எப்படி வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள். "கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் பலி." இந்த வசனத்தில் ஆளே இல்லை. துவக்கு வெடித்தது, மனிதர் இறந்தார், அவ்வளவுதான். யுத்த காலத்திலும் இதைக் கேட்டே வளர்ந்தோம். துடைக்கும்போது வெடித்தது, தவறுதலாக வெடித்தது, தடக்கி விழுந்ததில் வெடித்தது என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் பயம். பிரித்தானிய இராணுவத்தில் அப்படி வெடித்தால் அதற்கு 'கவனயீனமான வெடிப்பு' என்று பெயர். தற்செயல் என்று விட்டுவிடாமல், துவக்கை வைத்திருந்தவரின் குற்றமாக எடுத்து விசாரிப்பார்கள். சொல்லை மாற்றியவுடன் கேள்வியும் மாறிவிடுகிறது, பாருங்கள்.

கட்டுத்துவக்கு எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைத்தால் அதுவும் தவறு. இருநூறு வருடங்களுக்கு முன் இதே இங்கிலாந்தில் நிலவுடைமையாளர்கள் வேட்டைத் திருடர்களைப் பிடிக்கத் தங்கள் காடுகளில் கம்பி கட்டிய துவக்குகளை வைத்தார்கள். 1820இல் ஒரு வழக்கு வந்தது. காட்டுக்குள் கொட்டை பொறுக்கப் போன ஒருவர் சுடுபட்டார். துவக்கு இருக்கிறது என்ற எச்சரிக்கை அவருக்கு முன்பே தெரியும், தெரிந்துதானே போனார் என்று சொல்லி நீதிமன்றம் நட்டஈடு மறுத்தது.

1825இல் இன்னொன்று நடந்தது. ரியூலிப் பூ வளர்த்த ஒருவர், பூக்கள் களவு போகின்றன என்று, மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் துவக்குக் கட்டினார். எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. வைத்தால் கள்ளன் அகப்படமாட்டான் என்பது அவருடைய எண்ணம். பக்கத்து வீட்டுப் பெண்மயில் ஒன்று மதில் தாண்டி உள்ளே போய்விட்டது. 19 வயதுப் பெடியன் ஒருவன், மயிலைப் பிடித்துக் கொடுக்க மதிலில் ஏறினான். உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று கூப்பிட்டும் பார்த்தான். பதில் இல்லாததால் குதித்தான். கம்பி தட்டுப்பட்டது. அவனுக்கும் முழங்காலை ஒட்டித்தான் காயம். பேர்ட் எதிர் ஹோல்புறூக் என்ற அந்த வழக்கில் 1828இல் தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. பூவைக் காப்பாற்ற ஆளைச் சுட உரிமை இல்லை. அங்கே நின்று கையால் செய்ய முடியாததைக் கம்பி கட்டிச் செய்யவும் முடியாது என்பதே அதன் சாரம். அதற்கு முன்னரே, 1827இல், இப்படித் துவக்குக் கட்டுவதைப் பாராளுமன்றம் குற்றமாக்கியிருந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவாக அது இன்றும் இங்கே நடைமுறையில் இருக்கிறது.

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1916ஆம் ஆண்டிலிருந்தே சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாத துவக்கு வைத்திருப்பது குற்றம், 1996இல் தண்டனையும் கூட்டப்பட்டது. 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. யார் மிதிக்கிறார் என்று தெரியாமல் வெடிக்கும் பொருள் கூடாது என்று உலக நாடுகளில் பெரும்பாலானவை ஒத்துக்கொண்டன. வன்னி மண்ணில் அந்த வெடிகளை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுக்க எத்தனை வருடங்கள் போயின என்பது உங்களுக்குத் தெரியும். அதே மண்ணில் நாங்களே புதிதாக ஒன்றைக் கட்டிவைத்தால் அதற்கு என்ன பெயர்?

ஊர்க்கதை இருக்கட்டும், லண்டனில் எங்கள் பிள்ளைகளுக்கு இதனால் என்ன என்று ஒரு தாய் கேட்கலாம். 2011 மார்ச் 29ஆம் திகதியை மறந்திருக்கமாட்டீர்கள். ஸ்ரொக்வெல்லில் எம்மவரின் கடையொன்றில் ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுமி விளையாடிக்கொண்டிருந்தாள். வேறொரு இளைஞனைத் துரத்தி வந்தவர்கள் கடைக்குள் சுட்டார்கள். அவன் தப்பிவிட்டான். குண்டு பட்டது சிறுமிக்கும், கடையில் நின்ற இன்னொரு தமிழருக்கும். சிறுமிக்கு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனது. அவளைச் சுடுவது அவர்களின் நோக்கம் இல்லை. ஆனால் "குறி தவறிவிட்டது" என்பதைச் சட்டம் சாட்டாக ஏற்கவில்லை. ஒருவனைக் குறிவைத்து இன்னொருவரைக் காயப்படுத்தினால், அந்த நோக்கம் காயப்பட்டவர் மேலும் செல்லும். 2012இல் மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. சுட்டது ஒருவர், உள்ளே போனது மூவர் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் பிள்ளைகள் சுடப் போகிறவர்கள் அல்ல. ஆனால் ஒரு பையைக் கொடுத்து, "இரண்டு நாளைக்கு வைத்திரு" என்று கேட்டால், சிநேகிதனுக்காக வாங்கி வைக்கக்கூடியவர்கள். தடைசெய்யப்பட்ட துவக்கு ஒருவரிடம் இருந்தால், 18 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தது ஐந்து வருடம், 16, 17 வயதினருக்குக் குறைந்தது மூன்று வருடம் என்பது இங்கத்தைய சட்டம். மிகவும் விதிவிலக்கான நிலைமை இருந்தால்தான் நீதிபதி குறைக்க முடியும். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பது விடுதலைக்குப் போதாது. ரோர்ச் லைற் என்று நினைத்து வைத்திருந்த பொருள் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியாக இருந்தபோதும் அது குற்றமே என்று 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்படி வைத்திருக்கக் கொடுப்பவருக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றம் இருக்கிறது.

அடுத்தது எயார் கன் என்று சொல்லும் காற்றுத் துவக்கு. தோட்டத்தில் பிள்ளை விளையாடட்டும் என்று வாங்கிக் கொடுக்கிறோம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்கக் கூடாது. வீட்டில் இருந்தால், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி வைக்காதது 2011 பெப்ரவரியிலிருந்து பெரியவரின் குற்றம். அதிலே சாவு வராது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த நாட்டில் பிள்ளைகள் அதனால் இறந்திருக்கிறார்கள். வெற்றுத்தோட்டாத் துவக்கிலும் கவனம் வேண்டும். துருக்கியில் செய்யப்பட்ட சில வகைகளை இலகுவாக உண்மைத் துவக்காக மாற்றலாம் என்று கண்டுபிடித்து, 2025 பெப்ரவரியில் அவற்றைத் தண்டனையில்லாமல் ஒப்படைக்கப் பொலிசார் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிந்துவிட்டது. வீட்டில் அப்படி ஏதாவது கிடந்தால், தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காமல், 101க்கு அழைத்து என்ன செய்வது என்று முதலில் கேளுங்கள்.

துவக்கால் சாவு வந்தால் பழி துவக்குக்கா ஆளுக்கா என்ற வாதம் உலகம் முழுக்க நடக்கிறது. டன்பிளேன் பாடசாலையில் 1996 மார்ச் 13ஆம் திகதி 16 பிள்ளைகளும் ஒரு ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரித்தானியா கைத்துவக்கைத் தடைசெய்தது. 160,000க்கும் மேற்பட்ட கைத்துவக்குகள் ஒப்படைக்கப்பட்டன. எந்தத் தவறும் செய்யாத எங்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று போட்டிகளுக்குச் சுடுபவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் நாடு பிள்ளைகளின் பக்கம் நின்றது. அமெரிக்காவில் துவக்கு உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அங்கேகூட, மகனுக்குத் துவக்கு வாங்கிக் கொடுத்து, அதைப் பூட்டி வைக்காத பெற்றோர் இருவருக்கு 2024இல் மிச்சிகனில் சிறைத்தண்டனை கிடைத்தது. நான்கு மாணவர்களைச் சுட்டது மகன். ஆனாலும் அவன் கைக்குத் துவக்கு எப்படிப் போனது என்று நீதிமன்றம் கேட்டது.

கொமர்ஸ் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதிலே போடுவோம். பிறகு பிழையைத் தேடிப் பிடித்து, உரிய கணக்குக்கு மாற்றி, தொங்கல் கணக்கை மூடவேண்டும். மூடாமல் வருடக்கணக்காக விட்டால் எங்கோ ஒரு உண்மை மறைகிறது என்றுதான் அர்த்தம். 'விபத்து' என்ற சொல்லையும் நாங்கள் அப்படித்தான் பாவிக்கிறோம். துவக்கை அடைத்தவர், கட்டியவர், பூட்டாமல் விட்டவர், வைத்திருக்கக் கொடுத்தவர் என்று ஒவ்வொரு வெடிக்குப் பின்னாலும் பெயருள்ள ஒருவர் இருக்கிறார். சில வேளை அந்த வரிசையில், காணிக்குச் சொந்தக்காரர் என்ற பெயரும் வரும். கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று தெரிந்தும் கேளாமல் இருந்தவர் அவர்.

ஆகவே இந்தக் கிழமை ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது இரண்டு விடயம் செய்யுங்கள். ஒன்று, காணியைப் பார்க்கிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "தம்பி, காணியில் துவக்குக் கட்டியிருக்கா? மெயின் கரண்டை வேலிக்குக் கொடுத்திருக்கா?" கரண்டும் அதே வேலையைத்தான் செய்யும். அதட்ட வேண்டாம், அதட்டினால் மறைப்பார். இரண்டு, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்காதீர்கள். பயிர் அழிந்தால் நட்டம் அவர் தலையில் விழாது என்று சொல்லுங்கள். நல்ல வேலி, இரவுக் காவலுக்கு இன்னொரு ஆளின் சம்பளம், பக்கத்துக் காணிக்காரரோடு சேர்ந்து போடக்கூடிய முறையான சோலர் வேலி ஆகியவற்றுக்குக் காசு வேண்டும். கமக்காரர் அமைப்போடும் கமநல சேவை நிலையத்தோடும் பேசச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிற காசில் ஒரு பங்கு இதற்குப் போனால் ஊருக்கு நட்டம் இல்லை.

விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், வன்னியில் அடுத்தவர் தோட்டத்துக்குள்ளும் காட்டோரத் தடங்களிலும் தனியே இறங்கவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். வேலியைச் சீராக்கக் கேட்பார்கள் என்று காசை எண்ணுகிறவர்களுக்குக் கணக்காளனாக ஒரு வார்த்தை: வேலிச் செலவை ஒரு வரியில் எழுதிவிடலாம், ஒரு பிள்ளையின் காலை எழுத எந்தப் புத்தகத்திலும் இடம் இல்லை.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.