மதுக்கடை லைசென்ஸும் சூதாட்டச் சட்டமும்

(பொட்டிப்புரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



மது விற்பதற்கு லைசென்ஸ் கொடுப்பதும், சூதாடும் இடங்களைத் தடுப்பதும் சர்க்காருக்கும் போலீஸாருக்கும் மட்டுமே உரிய காரியங்கள் என்றும், கடன் சங்கத்து அங்கத்தினர்களுக்கு அவற்றோடு யாதொரு சம்பந்தமும் இல்லையென்றும் எண்ணுவோர் பலர். சங்கத்தின் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். தவணை தவறிய கணக்குகளுக்கு எதிரே மழையின்மை, பூச்சி, விலைவீழ்ச்சி என்று காரணம் எழுதுவது வழக்கம். அவை பெரும்பாலும் மெய்யான காரணங்களே. ஆயினும் விளைந்த வருஷத்திலும் பாக்கி நிற்குமாயின், மகசூல் விற்ற பணம் வீட்டுக்கு வரும் வழியில் எங்கே தங்கிற்று என்று விசாரிப்பது நிர்வாகக் கமிட்டியாரின் கடமையாகும். 2009ஆம் வருஷம் முதல் இந்த ராஜ்யத்தில் தவணைக்குள் செலுத்தப்படும் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பது அங்கத்தினர் அறிந்ததே. ஒரு மாதம் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். ஒருவன் நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் மாதத்தில் இருபது நாள் குடிக்கிறான் என்று கொண்டால், வருஷத்தில் 36,000 ரூபாய் ஆகிறது. மலையடிவாரத்து மானாவாரி நிலக்காரர் ஒருவருக்குப் பயிர்க்கடனை அடைக்கவோ, கறவை மாடு ஒன்றுக்கு முன்பணம் கட்டவோ இத்தொகை போதும்.

மதுக்கடைகளை ஆளும் சட்டம் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். இங்கிலீஷ் துரைத்தனத்தில் 1886ஆம் வருஷத்து அப்காரிச் சட்டத்தின்படி கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்த குத்தகைதாரர் மாதந்தோறும் கிஸ்தி கட்டினார். மரத்துக்கு வரி தனி. கிஸ்தி கட்டவேண்டியவர் விற்பனையைக் குறைக்க விரும்பமாட்டார் என்பது சொல்லாமலே விளங்கும். 1937ஆம் வருஷத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாக இருந்தபோது மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலுக்கு வந்தது. அதனால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. யுத்த காலத்தில், மந்திரிசபை இல்லாதபோது, சட்டத்தின் அமல் நிறுத்திவைக்கப்பட்டது. பின்பு மறுபடி உயிர்பெற்று, ஸ்ரீ ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2ஆம் தேதி முதல் மாகாணம் முழுவதிலும் பரவிற்று.

அக்காலத்தில் கூட்டுறவு இலாகா செய்த ஒரு காரியத்தை இவ்விடத்தில் சொல்லாமல் விடலாகாது. கள் இறக்குவது நின்றதும் மரமேறும் குடும்பங்களுக்குப் பிழைப்பு இல்லாமற் போயிற்று. அவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதற்கென்று தனிச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. வெல்லத்துக்கு எப்போதும் நல்ல விலை கிடைத்ததென்று சொல்ல முடியாது. ஆனாலும், ஒரு தொழிலைச் சட்டத்தால் மூடும்போது அத்தொழிலாளிக்கு வேறு வழி காட்டவேண்டும் என்ற முறை அங்கேதான் கைக்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் அந்த முறை அவ்வளவாக நினைக்கப்படவில்லை.

1971இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் என்னும் சர்க்கார் கம்பெனி மொத்த வியாபாரத்தை ஏற்றது. 1987 முதல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் வசமே வந்தன. 2003–04இல் 3,639 கோடி ரூபாயாக இருந்த வருமானம் 2023–24இல் 45,855 கோடியாயிற்று. குத்தகைதாரரைப் பற்றி மேலே சொன்னது இங்கே நினைக்கத் தக்கது.

இவ்வளவு மாறுதல்களுக்குப் பிறகும் 1937ஆம் வருஷத்துச் சட்டம் ரத்து செய்யப்படவில்லை. இதை அங்கத்தினர்கள் நன்றாய் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மதுவை உண்டாக்குவது, வைத்திருப்பது, விற்பது, குடிப்பது ஆகிய எல்லாவற்றையும் அந்தச் சட்டம் பொதுவாக விலக்குகிறது. லைசென்ஸும் பெர்மிட்டும் அந்த விலக்குக்கு ஏற்படுத்தப்பட்ட விதிவிலக்குகள். எனவே கடை வைப்பது ஒருவருடைய உரிமை அன்று, சர்க்கார் கொடுக்கும் சலுகையே. மது வியாபாரம் அடிப்படை உரிமை ஆகாதென்று சுப்ரீம் கோர்ட்டும் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு, மருந்துக்காக அன்றி மது அருந்துவதை விலக்க ராஜ்யங்கள் முயலவேண்டும் என்று கூறுகிறது. ஆகவே, கடை வேண்டாமென்று மனுச் செய்யும் கிராமத்தார் ஒருவருடைய சொத்தைப் பறிக்கிறவர்கள் அல்லர்; சட்டம் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே நிற்கிறவர்கள்.

சலுகை கொடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. 2003ஆம் வருஷத்துச் சில்லறை விற்பனை விதிகளின்படி, கோயில், மசூதி, சர்ச்சு முதலிய வழிபாட்டு ஸ்தலங்களிலிருந்தும் கல்வி ஸ்தாபனங்களிலிருந்தும் கார்ப்பரேஷன், முனிசிபாலிடி எல்லைகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கலாகாது. கிராமங்களுக்கு உரியது 100 மீட்டர். கடை ஏற்பட்ட பிறகு கட்டப்பட்ட பள்ளிக்கூடமோ கோயிலோ இந்த விதியின் பயனைப் பெறாது. ஆதலால் பள்ளிக்கூடம் தொடங்கிய தேதிக்கு அத்தாட்சி வைத்திருப்பது மிக முக்கியம். தலைமை ஆசிரியரிடமும் பஞ்சாயத்து ஆபீஸிலும் அது இருக்கும். மனு எழுதும் அன்று தேடுவதைவிட இப்போதே தேடிவைப்பது நலம். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு விற்பதும் விலக்கப்பட்டிருக்கிறது.

ராஜபாட்டைகளைப் பற்றிய விதி வேறு. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2016 டிசம்பர் 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, தேசிய ராஜபாட்டைகளுக்கும் ராஜ்ய ராஜபாட்டைகளுக்கும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உத்தரவிட்டது. 2017 மார்ச்சு 31ஆம் தேதி அதைத் திருத்தி, 20,000 ஜனத்தொகைக்கு மேற்படாத ஸ்தல ஸ்தாபன எல்லைகளில் 220 மீட்டர் போதும் என்றது. சாலையோரத்தில் மூடப்பட்ட கடைகள் அவ்வருஷம் ஊர்களுக்குள்ளும் வயல்களுக்கிடையிலும் இடம் தேடின. பல ஜில்லாக்களில் ஸ்திரீகள் திரண்டு தடுத்தார்கள். சாலையில் விபத்தைக் குறைக்க வந்த உத்தரவு குடியிருப்புகளுக்குத் தொல்லையாய் முடிந்தது. தூரத்தை மட்டும் அளந்து செய்யும் சட்டத்தில் இந்தக் குறை இயல்பாகவே உண்டு.

கிராம சபையின் தீர்மானத்துக்கு என்ன பலம் என்று எங்கும் கேட்கப்படுகிறது. நியூட்ரினோ ஆய்வுக்கூட விஷயத்தில் மனுக்களும் ஆட்சேபணைகளும் எழுந்த ஊராதலால், பொட்டிப்புரத்தாருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. மகாராஷ்டிரத்தில் 2008ஆம் வருஷத்து உத்தரவின்படி, வாக்காளரில் 25 சதவீதம் பேரோ, ஸ்திரீ வாக்காளரில் அதே விகிதத்தினரோ விண்ணப்பித்தால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தப்படும். வாக்குச் சீட்டில் நிற்கும் புட்டி ஒன்றும் படுத்த புட்டி ஒன்றும் படமாக அச்சிடப்பட்டிருக்கும். பாதிக்குமேற்பட்டோர் படுத்த புட்டிக்கு முத்திரை குத்தினால் கடை மூடப்படும். எழுத்தறியாத பாட்டியும் சந்தேகமின்றி வாக்களிக்கத் தக்க இந்த ஏற்பாடு மிகவும் மெச்சத்தக்கது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் அப்படிப்பட்ட வாக்கெடுப்பு ஏற்படுத்தப்படவில்லை. கிராம சபைத் தீர்மானம் தானாகவே ஒரு கடையை மூடிவிடாது. ஆனால் கலெக்டர் முன்னிலையிலும் ஹைகோர்ட்டு முன்னிலையிலும் ஊராரின் கருத்துக்கு அதைவிடச் சிறந்த எழுத்துச் சாட்சியும் இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகள் கிராம சபை கூடும் தினங்களாக இருப்பதுபோலவே மதுக்கடைகள் மூடப்படும் தினங்களாகவும் ஏற்பட்டிருக்கின்றன. அன்றைக்குக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தெளிவான புத்தியோடு வருவதற்கு இதைக்காட்டிலும் வசதி வேண்டியதில்லை.

கடையை மூடினால் குடி நின்றுவிடும் என்று எண்ணுவதும் தவறு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். லைசென்ஸ் பெற்ற கடைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இது நேர்ந்தது. அதன்பின் அவ்வருஷமே சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் உயர்த்தப்பட்டன. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிக் கேரளத்துக்குப் போகிறவர்கள் அங்கே கள்ளுக்கடைகள் லைசென்ஸின் பேரில் நடப்பதைக் கண்டிருப்பார்கள். சாராயம் 1996இல் அங்கும் விலக்கப்பட்டது. மலைக்கு இப்புறம் குற்றமாயிருப்பது அப்புறம் லைசென்ஸ் பெற்ற தொழிலாயிருப்பதைக் கண்டு சிலர் சட்டத்தையே பரிகசிக்கிறார்கள். மதுவைப் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித்தனியே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

அடுத்தபடியாக மனமகிழ் மன்றங்கள். மதுவும் சீட்டும் ஒரே கூரையின்கீழ்ச் சேரக்கூடிய இடம் இதுவே. 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு கிளப்பைப் பதிவுசெய்துகொண்டு, 1981ஆம் வருஷத்து விதிகளின்படி எப்.எல்.2 என்னும் லைசென்ஸ் பெறலாம். அதன்பேரில் அங்கத்தினருக்கு மாத்திரம் மது கொடுக்கலாம். வழிப்போக்கரை எல்லாம் அன்றைக்கன்று அங்கத்தினராக எழுதிக்கொண்டு விற்பதானால் அது பெயரளவில் கிளப்பு, காரியத்தில் கடை. இத்தகைய மன்றமும் ‘சங்கம்’ என்றே அழைக்கப்படுவதால், கூட்டுறவுச் சங்கத்தோடு ஒன்றாகக் கருதிப் பங்குப்பணம் செலுத்தியவர்களும் உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் 1983ஆம் வருஷத்துத் தனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இனிச் சூதாட்டம். சென்னை நகரத்துக்கு 1888ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம் இருந்தது. மற்ற ஜில்லாக்களுக்கு 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் வந்தது. ‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்பதற்கு அச்சட்டம் கொடுக்கும் பொருள் விசாலமானது. வீடு, அறை, கூடாரம், வேலியிட்ட இடம், வண்டி, படகு எதுவாயினும், சீட்டோ பகடையோ வைத்து, இடத்துக்கு உடையவரோ அதை நடத்துகிறவரோ லாபம் அடையும்படி ஆடப்படுமானால், அது சூதாட்ட விடுதியே. தோட்டத்து மோட்டார் கொட்டகையை ‘சும்மா உட்கார’ விட்டு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறவர் தாம் சீட்டைத் தொடவில்லையென்று தப்பிக்க முடியாது. அங்கே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னாலும், அதை நிரூபிக்கும் பாரம் அவர்கள் மேலேயே விழும். பொதுவீதியில் சூதாடுவது தனிக் குற்றம்.

திறமையை மட்டுமே பொறுத்த ஆட்டங்களுக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று 1967இல், செகந்திராபாத்துக் கிளப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. இந்தத் தீர்ப்பை அரைகுறையாகச் சொல்லித் திரிகிறவர்கள் அநேகர். பந்தயப் பணத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் குற்றம் ஏற்படலாம் என்றும் அத்தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 ஜனவரியில் இந்த ராஜ்யத்தில் தடைசெய்யப்பட்டதால், திருட்டுத்தனமாக விற்கப்படும் மூன்று எண் சீட்டுகளுக்குச் சட்டத்தில் எவ்வித ஆதரவும் இல்லை.

கைப்பேசியில் ஆடப்படும் ஆட்டத்தைப் பற்றிச் சட்டம் மிக வேகமாக மாறியிருக்கிறது. 2021இல் ராஜ்யச் சர்க்கார் செய்த திருத்தத்தை ஹைகோர்ட்டு அவ்வருஷம் ஆகஸ்டில் ரத்துசெய்தது. 2022ஆம் வருஷத்துப் புதிய சட்டத்தைப் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதன் தடையிலிருந்து 2023 நவம்பரில் விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் ஆட்டங்களை நடத்துவதை முழுவதும் விலக்கி, பாங்கிகள் அப்பணத்தைக் கைமாற்றுவதையும் தடுத்தது. ஆடியவனைக் காட்டிலும் ஆட்டுவித்தவனைத் தண்டிப்பதே அதன் நோக்கம். இது நியாயமான முறையே.

கடன் விஷயத்தில் ஒரு நுட்பம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. சீட்டில் தோற்ற தொகைக்குப் பிராமிசரி நோட்டு எழுதிக்கொடுத்திருந்தாலும், வென்றவர் அதைக் கோர்ட்டு மூலம் வசூலிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடுகிறவனுக்குப் பணம் கொடுத்து உதவும் மூன்றாம் ஆளின் கடன் அவ்வாறு தானாகச் செல்லாமற் போவதில்லை. தோற்றவனுடைய நிலம் கைமாறுவது பெரும்பாலும் இந்த வழியிலேயே. அவர் கந்துவட்டி வாங்கினால் 2003ஆம் வருஷத்து அதிவட்டித் தடைச் சட்டத்தின்கீழ்ப் புகார் செய்யலாம். அப்படிப்பட்ட கடனில் சிக்கிய அங்கத்தினர் வெட்கத்தால் மறைக்காமல், நிலப்பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் சங்கத் தலைவரிடம் வந்து சொல்லட்டும். நகைக்கடன் கொடுத்து மீட்கக்கூடிய தறுவாய் அதுவே. பத்திரம் பதிவானபின் சங்கம் செய்யத்தக்கது சொற்பம்.

மனு எழுதும் முறையைப் பற்றியும் சில வார்த்தைகள். மது ஒழிக என்ற வாசகங்களால் நிரப்பப்பட்ட மனுவை அதிகாரிகள் படித்து வைத்துவிடுவார்கள். எந்தச் சர்வே எண்ணில் கடை இருக்கிறது அல்லது வரப்போகிறது, பள்ளிக்கூடமோ கோயிலோ எத்தனை மீட்டர், அது எந்த வருஷம் ஏற்பட்டது, கிராம சபைத் தீர்மானத்தின் தேதியும் எண்ணும் யாவை என்பவை முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அளந்த காட்டிய வரைபடம் ஒன்று இணைக்கப்படவேண்டும். ஜில்லா கலெக்டருக்கு முதல் பிரதி, டாஸ்மாக் ஜில்லா மானேஜருக்கு இரண்டாவது. மூன்றாவது பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி, சங்கத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும்.