தேசியக் கொடியைப் பேணும் முறை



1947ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடியை, இன்று எவ்வீட்டாரும் எந்நாளும் ஏற்றலாம். 2002 ஜனவரி 26 முதல் அமலிலுள்ள கொடி விதித்தொகுப்பு அதற்கு இடமளிக்கின்றது. உரிமை வந்தவிடத்துக் கடமையும் உடன் வருமன்றோ?

கொடி வாங்குங்கால், நீளம் மூன்று பங்கும் அகலம் இரண்டு பங்குமாய் உள்ளதா, நீலச் சக்கரத்தில் 24 ஆரக்கால்கள் உளவா என்று நோக்குக. கதர், பட்டு, கம்பளி எதுவுமாகலாம். 2021 டிசம்பரில் செய்த திருத்தத்தால் பாலியெஸ்டரும் ஏற்புடையதாயிற்று. காவி நிறம் மேலிருத்தல் வேண்டும். ஏற்றுங்கால் விரைவாகவும், இறக்குங்கால் மெதுவாகவும் இயக்குக. தரையிற் படவிடலாகாது, அதன்மேல் எழுத்தொன்றும் பொறித்தலாகாது.

நம் சங்கத்தார் முக்கியமாகக் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. விழாக்களில் சங்கக் கொடியைத் தேசியக் கொடியுடன் ஒரே கம்பத்திற் கட்டுதலும், அதனினும் உயரத்திலோ அதற்கு இணையாகவோ நாட்டுதலும் விதிக்கு மாறானவை. குலத்தின் கொடி நாட்டின் கொடிக்குத் தாழ்ந்தே நிற்றல் வேண்டும். அதனால் நமக்கு இழுக்கில்லை, பெருமையே உண்டு.

கிழிந்த கொடியைக் குப்பையில் எறிதல் பெரும் பிழை. மறைவானவிடத்தில் முழுமையாக எரித்துவிடுதலே மரியாதையான முறை. விழாவின் மறுநாள் தெருவிற் கிடக்கும் காகிதக் கொடிகளையும் பொறுக்கியெடுத்து அவ்வாறே போக்க நம் சிறுவர்களைப் பழக்குவோமாக.