கொலை என்ற சொல் யார் தலையில் விழுகிறது?

(நாமக்கல் வட்டாரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகத் தட்டி கட்டினோம். "கருவைக் கலைப்பது கொலை" என்று எழுதினோம். வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

நூல் மில்லில் வேலை செய்த ஒரு சகோதரி அதைப் படித்தாள். மூன்று குழந்தைகளின் தாய். நாள் தள்ளிப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து, எருக்கங்குச்சி வைக்கும் கிழவியிடம் போனாள். பிழைத்தது மறுபிறவி. பார்க்கப் போன என்னிடம், "ஏனுங்கண்ணா, கொலைன்னு எழுதுனது நீங்கதானுங்களே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தட்டிக்குக் காரணம் உண்டு. பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமைக்குப் பேர்போன ஜில்லா நம் சேலம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. பிறகு ஸ்கேன் வந்தது. வயிற்றிலிருப்பது பெண்ணா என்று சொல்லிக் காசு பறித்தார்கள். 1994-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது. எதைத் தடுத்தது? ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை! அந்த வழக்கிலும், புருஷனோ உறவினரோதான் பெண்ணைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட் முதலில் கருதவேண்டும் என்கிறது சட்டம். நாமோ இரண்டையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டோம். ஸ்கேன் வியாபாரி தப்பினான். வரதட்சணை கேட்டவன் தப்பினான். கூலிக்காரி கொலைகாரி ஆனாள்!

சர்க்காரின் சொல்லையும் பாருங்கள். வெள்ளைக்காரன் 1860-ல் செய்த தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணையே குற்றவாளியாக்கியது. இன்றைய நியாய சன்ஹிதாவிலும் அது 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1971-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கும் டாக்டரின் அபிப்பிராயத்தில் தொங்குகிறது. கருத்தடை தவறினால் கலைக்கலாம் என்று அது சொன்னதுகூட, பிள்ளை எண்ணிக்கையைக் குறைக்க நினைக்கும் மணமான பெண்ணுக்கு மட்டும். ஜனத்தொகைக் கணக்குதான் பேசியது, பெண் பேசவில்லை. 2021-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் "கணவன்" என்ற சொல் "துணைவர்" என்று மாறியது. 2022 செப்டம்பர் 29-ல்தான் மணமாகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

1913-லேயே லெனின் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்: ஏழை பிள்ளை பெறக் கூடாது என்ற மால்தஸ் வாதம் பொய், கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்களும் ஒழிய வேண்டும். சோவியத் 1920-ல் அனுமதித்தது. 1936-ல் தடை செய்தது. 1955-ல் மீண்டும் அனுமதித்தது. நம் இயக்கமும் தவறியது, திருத்திக்கொண்டது. நாமும் திருத்துவோம்.

இனி ஒவ்வொரு மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இதைச் சொல்லுங்கள்: சட்டம் சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து தேவையில்லை. சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர யாரிடமும் டாக்டர் அவள் பெயரை வெளியிடக் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒப்பினால்தான் கலைப்போம் என்று எவராவது சொன்னால், அப்படி நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று கேளுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

பழைய தட்டியை நானே இறக்கிவிட்டேன். புதிய தட்டியில் எழுதியிருப்பது: "பெண்ணென்று பார்த்துச் சொல்லும் வியாபாரியைப் பிடி! ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணை மதி!"