நின்று உழைப்பவரின் கால்கள்

(சோமனூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனொருவன் வைத்திய விஷயத்தைப் பேச முன்வந்தமை கண்டு சிலர் வியப்புறலாம். யான் மருத்துவன் அல்லேன். எனது தமக்கையார் பொருட்டு மருத்துவரிடம் கேட்டும், நூல்களிற் கற்றும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறத் துணிந்தேன்.

காலில் நீலநிறமாய்ப் புடைத்து, புழுப்போல் நெளிந்து தோன்றும் நோயை நம்மூரார் 'நரம்புச் சுருட்டு' என்பர். மருத்துவர் 'வெரிகோஸ் வெயின்' என்பர். நம்மவர் இட்ட பெயரிலேயே ஒரு பிழை உண்டு. நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டுசெல்வது. அதற்கும் இந்நோய்க்கும் சம்பந்தம் இல்லை. இங்கே புடைப்பது, இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொணரும் சிரை என்னும் குழாயாகும். இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று கொள்ளற்க. பெயரை நம்பி நரம்புத் தளர்ச்சிக்கு மருந்துண்டு, பொருளையும் காலத்தையும் இழந்தோர் நம்முள் உளர்.

இருதயத்தினின்றும் கீழே பாய்ந்த இரத்தம் பாதத்திலிருந்து மேலேறுதல் வேண்டும். பள்ளத்து நீர் தானே மேடேறுமோ? நடக்குந்தோறும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் மீண்டும் இறங்காவண்ணம், மேல்நோக்கி மட்டும் திறக்கும் மதகுகள் போன்ற சிறு வால்வுகள் சிரையினுள் அமைந்துள்ளன. இவற்றை இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத்து ஆசிரியர் பாப்ரீசியஸ் 1603ஆம் ஆண்டில் விவரித்தார். அவர் மாணாக்கர் ஹார்வி 1628ஆம் ஆண்டில் இரத்த ஓட்டத்தின் உண்மையை உலகறியச் செய்தார்.

அசையாது நெடுநேரம் நின்றால் தசை பிழிவதில்லை. இரத்தம் தேங்கிச் சிரை விரிகிறது. வால்வுகளின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. இரத்தம் கீழே வழிகிறது. குடும்ப வழியும், பிள்ளைப்பேறும், உடற்பருமனும் இதற்குத் துணை செய்யும். முதலில் மாலையில் காற்கனமும் வீக்கமும். பின்னர்க் கணுக்காலருகே அரிப்பும் கருமையும். இறுதியில் ஆறாப் புண். இதுவே அந்நோயின் நடை.

நம் முன்னோர் குழித்தறியில் அமர்ந்து, மிதிப்பலகையைக் காலால் மிதித்து நெய்தனர். இன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட விசைத்தறிகள் ஓடுகின்றன. தறி ஓட்டுபவர் அறுந்த பாவு நூலை முடிந்தும், ஊடை தீர்ந்த நாடாவை மாற்றியும், நாள் முழுதும் நின்றே உழைக்கின்றனர்.

எனது தமக்கையார் அவ்வாறு நின்றவர். எம் தந்தையார் காலஞ்சென்றபோது யான் பள்ளிச் சிறுவன். அவர் தறிக்குடோனில் நின்றார். யான் அமர்ந்து படித்தேன். பின்னாளில் அவரது வலக் கணுக்காலில் புண் தோன்றி, ஈராண்டு ஆறாதிருந்தது. பச்சிலை கட்டினார், களிம்பு தடவினார், புடவைக் கரையால் மறைத்தார். "இதுக்கெல்லாம் ஆசுபத்திரியா, கண்ணு?" என்றார். யானும் வற்புறுத்தாதிருந்தேன். இலக்கணத்தில் ஒற்றுப்பிழை காணும் என் கண்ணுக்கு, எனக்காக நின்ற காலின் புண் தோன்றவில்லை. இக்குற்றம் என்னுடையதே.

முடிவிற் கோவை மருத்துவமனையொன்றில் டாப்ளர் பரிசோதனை செய்து, பழுதுற்ற சிரையைக் கண்டு, லேசர் ஒளியால் சிகிச்சை செய்தனர். முற்காலத்தில் தொடையருகே வெட்டிச் சிரையை உருவியெடுத்தனர். இக்காலத்திலோ முழங்காலருகே ஊசித்துளையிட்டு, மெல்லிய ஒளியிழையைச் சிரையினுள் செலுத்துகின்றனர். சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஏற்றுவதால் வலியும் குறையும். அடுத்துள்ள பகுதிகளைச் சூடும் தாக்காது. இழையைப் பையப் பைய வெளியிழுக்க, சிரையின் சுவர் வெந்து சுருங்கி மூடுகிறது. இரத்தம் ஆழ்ந்துள்ள நல்ல சிரைகளின் வழியே செல்கிறது. தமக்கையார் அன்று மாலையே நடந்து வீடு சேர்ந்தார். மூன்றாம் மாதத்திற் புண் ஆறியது.

இஃது ஒருவர் அனுபவம் மட்டுமன்று. இங்கிலாந்தில் இத்தகைய புண்ணுற்ற 450 பேரை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அழுத்தக் கட்டுடன் சிரைச் சிகிச்சையும் விரைந்து பெற்றோருக்குப் புண் ஆறிய இடைநிலைக் காலம் 56 நாள். அச்சிகிச்சை பிற்படுத்தப்பட்டோருக்கு 82 நாள். தாமதமே தீங்கு என்பது இதனால் தெற்றென விளங்கும்.

ஆயினும் லேசர் சர்வரோக நிவாரணி அன்று. கன்றுதல், மரத்துப்போதல் நேரலாம். அரிதாக ஆழ்சிரையில் இரத்தம் உறைதலும் உண்டு. ஆண்டுகள் சென்று வேறு சிரை புடைக்கலாம். ஆழ்சிரை அடைபட்டோர்க்கு இச்சிகிச்சை பொருந்தாதிருக்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்தின் பின்னரே செய்வது வழக்கம். நீரிழிவுடையோரும் புகைபிடிப்போரும் மருத்துவரைக் கேளாமல் அழுத்தக் காலுறை அணியலாகாது. புடைத்த சிரை உடைந்து இரத்தம் பெருகினால், உடனே படுத்துக் காலை உயர்த்தித் தூய துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவரிடம் செல்க.

நிறைவாக ஒரு விண்ணப்பம். சிகிச்சை சிரையை மூடும், நிற்பதை மாற்றாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர வசதி வேண்டுமென விதித்தது. கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டம் 2021ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. சட்டம் வந்து நம் குடோன் வாயிலைத் தட்டும்வரை நாம் காத்திருத்தல் வேண்டா. நம் சங்கத்தில் தறி உடையாரும் உளர், தறி ஓட்டுவாரும் உளர். உடையவர் குடோனில் ஒரு முக்காலி இடுக. ஓட்டுபவர் தறி ஓடும் இடைவேளையில் அமர்க. நிற்கும்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. இரவில் காலைச் சிறிது உயர்த்தி உறங்குக.

இன்றிரவு வீடு சென்றதும், உங்களுக்காக நின்ற தாயின், தமக்கையின், மனைவியின் கால்களை ஒருமுறை பாருங்கள். அவர் மறைப்பர், ஆயினும் கேட்டுப் பாருங்கள். யான் காலம் தாழ்த்திச் செய்ததை நீங்கள் இன்றே செய்யுங்கள்.