பாஸ்போர்ட்டும் பழைய வழக்கும்

(கோவை கரும்புக்கடையில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



துபாயில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் நம் பகுதித் தம்பி ஒருவர் போன் செய்தார். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். ஊரில் போலீஸ் விசாரணை நடந்து, "வழக்கு உள்ளது" என்று அறிக்கை போய்விட்டது. என்ன வழக்கு? ஓர் ஆர்ப்பாட்டத்தில் பிடித்து, மண்டபத்தில் வைத்திருந்து, மாலையில் விட்டார்களே, அதுதான்! அவர் மறந்தே போயிருந்தார். கெடு முடியப்போகும் பாஸ்போர்ட்டில் அங்கே விசா புதுப்பிக்க மாட்டார்கள். ஊருக்கு வந்தால் திரும்ப முடியாது. தங்கை நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சகோதரர்களே, சட்டம் என்ன சொல்கிறது? 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், 6(2)(எஃப்) பிரிவு. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. நீதிமன்றத்தில்! ஸ்டேஷனில் அல்ல. குற்றப் பத்திரிகை தாக்கலாகி, நீதிபதி அதைக் கோப்புக்கு எடுத்தால்தான் நிலுவை. வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை ஆகாது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் எழுத்து மூலம் தெளிவுபடுத்திவிட்டது. இ.பி.கோ. 143 மட்டும் போட்ட பழைய வழக்கென்றால், பொதுவாக ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் அதைக் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டித் தூங்கும் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம்.

சரி, வழக்கு உண்மையிலேயே கோர்ட்டில் நடக்கிறது என்றால்? அப்போதும் கதவு மூடவில்லை. 1993 ஆகஸ்ட் அறிவிக்கை இருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி ஆணை வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆணையில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். ஆகவே எத்தனை வருடம் வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். பல வக்கீல்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

"இல்லைன்னு டிக் போடுங்க பாய், யார் பார்க்கப் போறா?" என்பார் புரோக்கர். அவருக்குக் கமிஷன், உங்களுக்குக் கம்பி! உண்மையை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டை 10-ஆம் பிரிவில் பறிக்கலாம். 12-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. ஒன்றுமில்லாத ஆர்ப்பாட்ட வழக்குக்குப் பக்கத்தில் உண்மையான ஒரு வழக்கை நாமே வாங்கி வைப்பதா?

மறுத்தால் வாய் வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுதி வைத்து, கேட்டால் நகல் தர வேண்டும் என்கிறது 5(3). நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. அந்த நகலை வைத்து 11-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததே, காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் பறித்ததைத்தானே!

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் தேடினோம். குற்றப் பத்திரிகையே தாக்கலாகவில்லை. அதை எழுத்தில் வாங்கி, சுற்றறிக்கை நகலையும் சேர்த்துத் தூதரகத்துக்கு அனுப்பினோம். பாஸ்போர்ட் வந்தது. ஆனால் நிக்காஹ் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

கெடு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க மனுச் செய்யலாம். அக்கரையில் இருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகளுக்கு இன்று இரவே போன் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.