படிக்கத் தெரியாத அட்டை

 

நீங்கள் ஒரு புது ஊருக்குப் போகிறீர்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பேருந்து வருகிறது. அதன் பலகையில் ஏதோ எழுதியிருக்கிறது. ஆனால் அது நீங்கள் படித்த எழுத்து இல்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாமா? கேட்டால் சிரிப்பாரோ? “இதுகூடத் தெரியாதா?” என்பாரோ? இப்படி நினைத்துக்கொண்டே நிற்கும்போது பேருந்து போய்விடுகிறது.

பிழைப்புக்காக வெளி மாநிலம் போன தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மும்பையில் பலகை மராத்தியில் இருக்கும். பெங்களூரில் கன்னடத்தில் இருக்கும். கஷ்டப்பட்டுத் தமிழ் படிக்கக் கற்றவர்கூட அங்கே போய்த் திகைத்து நிற்கிறார்.

இந்தத் திகைப்பும் கூச்சமும் படிக்காதவர்களுக்கு மட்டும் வருகிறதா? இல்லை. வழக்கறிஞர் படிப்புக்காகக் கடல் கடந்து போன ஒரு மாணவருக்கும் வந்தது. அந்த மாணவரின் பெயர் மோகன்தாஸ். பிற்காலத்தில் மகாத்மா காந்தி என்று உலகம் போற்றியது அவரைத்தான். இந்தக் கதையை அவரே தம் வாழ்க்கை வரலாறான ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அவர் பம்பாயில் கப்பல் ஏறினார். 19 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஊரில் தாயையும், மனைவி கஸ்தூரிபாவையும், கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அவர் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்தான். ஆனால் பேசிப் பழக்கம் இல்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடவும் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கப்பலில் எல்லோரும் சாப்பிடும் மேசைக்கே அவர் போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தம் அறைக்குள் இருந்தே தின்று பொழுதைக் கழித்தார்.

லண்டனில் அவர் ஒரு வீட்டில் தங்கினார். அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு பெண்கள். இந்தப் பையன் இறைச்சி தின்பதில்லை என்று அவர்கள் இரங்கினார்கள். இன்னும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். அவர் பசிக்கு ஒரு முழு ரொட்டி வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார்.

லண்டன் போன முதல் ஆண்டில் ஒருமுறை அவர் பிரைட்டன் என்ற ஊருக்குப் போனார். அது லண்டனுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கடற்கரை ஊர். 1841 முதல் அங்கே ரயில் ஓடுகிறது. லண்டன் மக்கள் விடுமுறை என்றால் அங்கே போவது வழக்கம்.

அங்கே ஓர் ஓட்டலில் மோகன்தாஸ் சாப்பிட உட்கார்ந்தார். உணவுப் பட்டியல் எழுதிய அட்டை வந்தது. எடுத்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. எல்லாப் பண்டங்களின் பெயரும் பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தன. குஜராத்தி தெரிந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், சட்டம் படிக்க வந்தவர் அந்த அட்டைக்கு முன்னால் எழுத்துத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். பரிமாறுகிறவரிடம் எதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாமா என்று யோசித்தார்.

அதே மேசையில் ஒரு மூதாட்டி இருந்தார். கணவரை இழந்தவர். பெரிய பணக்காரர் இல்லை; ஓரளவு வசதி உள்ளவர். மோகன்தாஸின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் புதியவரா, ஏன் ஒன்றும் கேட்காமல் இருக்கிறீர்கள் என்று அவரே பேச்சைத் தொடங்கினார்.

இந்தத் தடவை மோகன்தாஸ் மறைக்கவில்லை. தமக்குப் பிரெஞ்சு தெரியாது, எது சைவ உணவு என்று தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அட்டையில் இருந்ததை விளக்கிச் சொன்னார். அவர் எதைச் சாப்பிடலாம் என்று காட்டினார். கப்பலில் வாய் திறக்காதபோது கிடைக்காத உதவி, வாய் திறந்ததும் கிடைத்தது.

அறிமுகம் அதோடு நிற்கவில்லை. அந்த அம்மா தம் லண்டன் முகவரியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அழைத்தார். மோகன்தாஸும் போனார். அந்த வீட்டுக்கு வரும் பெண்களை அந்த அம்மா அவருக்கு அறிமுகம் செய்தார். நாலு பேரோடு பேசினால் இந்தப் பையனின் கூச்சம் போகும் என்று நினைத்தார். முக்கியமாக, அங்கேயே தங்கியிருந்த ஓர் இளம் பெண்ணோடு பேசச் சொன்னார்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மோகன்தாஸுக்கு 13 வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் மாணவர்கள் படிக்கும்போது திருமணம் செய்துகொள்வது வழக்கமில்லை. அதனால் சிறு வயதில் திருமணம் ஆனதைச் சொல்ல இந்திய மாணவர்கள் பலர் வெட்கப்பட்டார்கள். மணமாகாதவர்கள் போலக் காட்டிக்கொண்டார்கள். மோகன்தாஸும் அப்படியே இருந்துவிட்டார்.

அந்த அம்மாவோ அவரை மகன் போலக் கவனித்தார். இந்தப் பையனுக்கு ஒரு நல்ல பெண் அமைய வேண்டும் என்று எண்ணத் தொடங்கினார். மோகன்தாஸுக்கு மனம் உறுத்தியது. சாப்பாடு போட்ட கைக்குப் பொய்யைத் திருப்பிக் கொடுப்பதா?

கடைசியில் அவர் ஒரு கடிதம் எழுதினார். சிறு வயதிலேயே தமக்குத் திருமணம் ஆகிவிட்டது, ஊரில் ஒரு மகன் இருக்கிறான் என்று எழுதினார். இதை முன்பே சொல்லாதது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணிடம் முறை தவறி நடக்கவில்லை என்பதையும் சொன்னார். இனிமேல் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னாலும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் எழுதினார்.

பதில் உடனே வந்தது. கோபம் இல்லை, திட்டு இல்லை. உண்மையைச் சொன்னது பற்றித் தாங்கள் இருவரும் மகிழ்ந்ததாகவும், வாய்விட்டுச் சிரித்ததாகவும் அந்த அம்மா எழுதியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும், அந்தச் சிறுவயதுத் திருமணக் கதையை நேரில் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதன்பிறகு எங்கே தேவைப்பட்டாலும் தமக்குத் திருமணம் ஆனதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. அந்த அம்மாவோடு கொண்ட நட்பும் அவர் இங்கிலாந்தை விட்டு வந்த பிறகும் நீடித்தது.

அந்த மூதாட்டியின் பெயரைக் காந்தி தம் நூலில் எழுதவில்லை. அவர் செய்த உதவி மட்டும் எழுத்தில் நிற்கிறது.

சில ஆண்டுகள் கழிந்தன. 1894-இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்தார். ஒருநாள் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவரிடம் வந்தார். ஒப்பந்தக் கூலியாகப் போனவர். முதலாளி அடித்து அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் ரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றார். வெள்ளையர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள்.

அவர் பேசிய தமிழ் காந்திக்குப் புரியாது. காந்தியின் எழுத்தர் ஒரு தமிழர். அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தி முதலில் பாலசுந்தரத்தைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார். நீதிபதியிடம் அழைத்துப் போனார். பாலசுந்தரத்தை அந்த முதலாளியிடமிருந்து மீட்டு, வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

ஒருநாள் மொழி தெரியாமல் திகைத்து உட்கார்ந்திருந்தவர், இன்னொரு நாள் மொழி தெரியாத ஒருவருக்குத் துணையாக நின்றார்.

நண்பர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தெரியாது என்று சொல்வது வெட்கம் இல்லை. வெட்கப்பட்டு மறைத்தால் பசி மிஞ்சும், பொய் மிஞ்சும். வெளியூரில் பலகை புரியவில்லையா? பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரைக் கேளுங்கள். சொல்லித் தருகிறவர் கட்டாயம் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கு அஞ்சலகத்தில் ஒருவர் பணவிடைத் தாளை வைத்துக்கொண்டு திகைத்து நிற்பார். மருத்துவமனையில் ஒரு பாட்டி மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர்கள் உங்களைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த மூதாட்டியைப் போல நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். படித்துச் சொல்லுங்கள். அவர் மனம் நோகாதபடி சொல்லுங்கள். நீங்கள் கற்ற எழுத்து அப்போதுதான் ஊருக்குப் பயன்படும்.